மிருதுத் தோலின் மகிமை என்னும் பிரமை

ஹட்டன் கடைத்தெருவில் மாடியேறிப் பூல் விளையாடும் இளைஞரிடமும், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்ட உத்தியோகத்தர் கிளப்புகளில் பழைய பச்சை மேசையைச் சுற்றி நிற்கும் பெரியவரிடமும், வேறெந்த விஷயத்திலும் ஒற்றுமை காணாத இவ்விரு சாராரிடமும், ஓர் அபிப்பிராயம் மட்டும் ஏகமனதாக நிலவி வருகிறது. கியூக் கோலின் நுனியில் ஒட்டும் தோல், அதாவது எல்லோரும் ‘டிப்’ என்று சொல்லும் அந்த நகத்தளவு வட்டத் துண்டு, எவ்வளவு மிருதுவாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பந்து சுழலும் என்பதும், எவ்வளவு விலையுயர்ந்ததோ அவ்வளவுக்கு ஆட்டம் தேறும் என்பதும், குளிரும் ஈரமும் மிக்க நம் மலைநாட்டில் மிருதுவிலும் மிருதுவானதையே தேடி வாங்கவேண்டும் என்பதுமே அந்த அபிப்பிராயம். விற்பவர் தம் சரக்குக்காக இதைச் சொல்லுகிறார். வாங்கியவர் தாம் கொடுத்த பணத்தை நியாயப்படுத்தச் சொல்லுகிறார். வாங்க வசதியில்லாதவர் தம் தோல்விக்குச் சமாதானமாகச் சொல்லுகிறார். மூவருக்கும் பயன்படுகிற பொய்க்கு ஆயுள் கெட்டி.

நான் வெளியே நின்று குறை காண்பவனல்லேன். இந்த நம்பிக்கைக்குள் இருந்து அடிபட்டு வந்தவன். கொழும்புக்குப் போய்வந்த நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்து, வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பணத்திலே கைவைத்து, உறையிலே ‘அதிமிருது’ என்று அச்சிட்ட தோல் ஒன்றை வரவழைத்து, வைகாசிக் கடைசியில் ஆசையோடு கோலில் ஒட்டினேன். ஆனி முழுவதும் மழை. ஆடி பிறப்பதற்குள் அந்தத் தோல் குடைக்காளான்போலப் பித்தளைப் பூணுக்கு வெளியே பிதுங்கி, உச்சி தட்டையாகி, அடிக்கும்போது ஈரத் துணியால் சுவரில் அறைந்தாற்போலச் சத்தம் கொடுக்கத் தொடங்கிற்று. அப்போதும் நான் தோலைச் சந்தேகிக்கவில்லை. இன்னும் மிருதுவானது கிடைக்குமா என்றுதான் விசாரித்தேன்.

இந்தத் தோல் எதற்காகக் கோலின் நுனிக்கு வந்தது என்பதை நினைவுகூர்ந்தால் பாதி மயக்கம் தெளியும். வெறும் மர நுனியால் பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் கோல் வழுக்கிப் போய்விடும். ஆகவே பழைய ஆட்டக்காரர் பந்தை நட்டநடுவில் தள்ளுவதோடு திருப்தியடைய வேண்டியிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பிறகு சிறையும் கண்ட பிரான்சுவா மென்கோ என்பவர், 1807ஆம் ஆண்டையொட்டிக் கோலின் நுனியில் தோல் வைத்து ஆடிக் காட்டினார். வழுக்கல் குறைந்தது, நடுவை விட்டு விலகி அடிக்க முடிந்தது, பந்து சுழன்றது. தோலின் காரியம் அவ்வளவே. அது வழுக்காமல் பிடிக்கிறது. சுழற்சி என்பது தோலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சரக்கன்று. விலகி அடிக்கும் கையின் செயல்.

இதைச் சரக்காக்கி விற்ற முதல் வியாபாரியும் சரித்திரத்திலே பதிவாகியிருக்கிறார். இங்கிலாந்தின் பாத் நகரத்து பில்லியர்ட்ஸ் மண்டபத்தில் மார்க்கராக, அதாவது புள்ளி எண்ணுபவராக, இருந்த ஜாக் கார் என்பவர், வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவைக்கும் வித்தையைத் தம் முதலாளியிடமிருந்து கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டி, வாய்பிளந்து நின்ற கனவான்களிடம் ‘முறுக்குச் சோக்கு’ என்று ஒரு தூளைச் சிறு டப்பிகளில் அடைத்து நல்ல விலைக்கு விற்றார். அது சாதாரணச் சோக்கு. 1820களில் அந்த டப்பியை வாங்கிய கனவான்களுக்கும், இன்று அதிமிருதுத் தோலை வாங்கும் நம் தம்பிமாருக்கும் இடையே இருநூறு வருஷம் போயிருக்கிறதே தவிர, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பிரதிவாதியின் தலையாய வாதத்துக்கு வருகிறேன். மிருதுத் தோல் அமுங்குகிறது. அமுங்குவதால் பந்தைச் சற்று அதிக நேரம் தொட்டிருக்கிறது. அதிக நேரம் தொட்டிருப்பதால் அதிகமாகத் திருகுகிறது என்பது அவர்கள் கட்டும் கோட்டை. முதல் இரண்டு படிகளும் உண்மை. நுனித்தோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் காலம் ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு, மிஞ்சினால் இரண்டு கூறு. மிருதுத் தோலானால் அதில் கொஞ்சம் கூடுதல். ஆனால் மூன்றாவது படியில் கோட்டை சரிகிறது. மிருதுத் தோல் நீண்ட நேரம் மெல்லத் தள்ளுகிறது. கடினத் தோல் குறுகிய நேரம் பலமாகத் தள்ளுகிறது. கூட்டிப் பார்த்தால் பந்துக்குக் கிடைத்த தள்ளல் ஏறத்தாழ ஒன்றே. அந்தத் தள்ளல் பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகி விழுந்தது என்பதே, ஓட்டத்துக்கு எவ்வளவு, சுழற்சிக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. ஒரு கதவைக் கீலருகே தள்ளினால் அசைய மறுக்கிறது, கைப்பிடியருகே தள்ளினால் விரல் பட்டவுடன் திறக்கிறது. நுவரெலியாக் குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தள்ளினாலும், வெறுங்கையால் தள்ளினாலும், கதவு அறிவது தள்ளிய இடத்தையும் வேகத்தையுமே.

இது என் சொந்தக் கற்பனையுமன்று, நேற்று வந்த கொள்கையுமன்று. பிரெஞ்சுக் கணித மேதை கொரியோலி 1835இலேயே பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு தனி நூல் எழுதினார். நம் காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்து இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாடோர், அதிவேகப் படக்கருவிகளைக் கொண்டு தோலும் பந்தும் மோதும் கணத்தைப் படம் பிடித்து ஆராய்ந்து, தோலின் கடினம் சுழற்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்றே முடிவு சொன்னார். மையத்திலிருந்து பந்தின் ஆரத்தில் சுமார் பாதி தூரம் வரைதான் விலகி அடிக்க முடியும். அதற்கு மேல் எந்தத் தோலும் வழுக்கும். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர் ஆகையால், நமக்குக் கிடைத்திருக்கும் எல்லை ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். நம் ஆட்டக்காரரில் பெரும்பாலோர் இந்தப் பதின்மூன்றில் ஆறைக்கூடத் துணிவோடு உபயோகிப்பதில்லை என்பதை, வெள்ளைப் பந்தில் படியும் சோக்குத் தழும்பைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். அடியில் அடித்ததாக அவர்கள் சத்தியம் செய்வார்கள்; தழும்பு நடுவயிற்றில் இருக்கும்.

மிருதுத் தோலுக்கு உள்ள நியாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை. அது சோக்கை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது; மேல்முகம் சொரசொரப்பாக இருக்கும் வரையில் வழுக்கல் குறைவு. வழுக்கல் பயம் குறைந்தவன் துணிந்து விலகி அடிக்கிறான்; பந்து சுழலுகிறது; தோலுக்குப் புகழ் சேருகிறது. கடினமான தோலையும் அரத்தால் லேசாகக் கீறி, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் சோக்குப் போட்டுக்கொள்ளும் சிரத்தை இருந்தால், அதே துணிவு அங்கேயும் கிடைக்கும். இந்தச் சோக்கும் பெயரளவில்தான் சோக்கு: 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற இரசாயன நிபுணரும் சேர்ந்து காப்புரிமை பெற்ற கலவையின் வாரிசு அது, சுண்ணாம்பு வகையைச் சேர்ந்ததன்று, உராய்வுக்கென்றே செய்த கல்தூள். ஒரு கட்டி வாங்குகிற காசுக்குக் கிடைக்கும் பிரயோஜனம், தோலில் பத்து மடங்கு செலவழித்தாலும் கிடைக்காது.

மலைநாட்டுக்கென்று விசேஷமாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதிகக் கோபமூட்டுவதும் அதுவே. “கீழ்நாட்டில் ஆடும்போது பந்து பின்னால் இழுத்து வருகிறது, இங்கே வந்தால் வரமாட்டேன் என்கிறது, ஆகையால் இங்கே இன்னும் மிருதுவான தோல் வேண்டும்” என்கிறார்கள். முதல் பாதி நான் கண்ணால் கண்டது. ஆனால் குற்றவாளி யார்? மழைக்குப் பேர்போன வட்டவளையிலிருந்து ஹட்டன் வரை தென்மேற்குப் பருவத்தில் காற்றே நனைந்திருக்கிறது. மேசைமேல் விரித்த கம்பளித் துணி அந்த ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகிறது. பின்சுழற்சியோடு வழுக்கிச் செல்லவேண்டிய வெள்ளைப் பந்தை அந்தத் துணி வழியிலேயே பிடித்து உராய்ந்து, இலக்குப் பந்தைத் தொடுவதற்கு முன்பே சுழற்சியைத் தின்றுவிடுகிறது. கோல் கொடுத்ததைத் துணி பறித்துக்கொண்டால், அதற்குத் தோல் என்ன செய்யும்? மேசையை மூடிவைத்து, துணியைத் துலக்கி, அதன் மயிர் படுத்திருக்கும் திசையிலேயே, அதாவது ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து முனை வரை, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுப் பாருங்கள். பெரிய போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றி வைப்பதும் இந்த ஈரத்தை ஓட்டத்தான்.

குளிர்ப் பிரதேசத்துக்கு விசேஷத் தோல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1875இல் ஜபல்பூரில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி விளையாட்டாகத் தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்குச் சட்டதிட்டம் எழுதி மாட்டியது 1882இல், தமிழ்நாட்டின் உதகமண்டலம் கிளப்பிலே. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீட்டர்தான். நம்மைவிட உயரமான, நம்மைவிடக் குளிர்ந்த ஒரு தேயிலை மலையிலேதான் இந்த ஆட்டம் தன் சட்டத்தைப் பெற்றது. நுவரெலியா ஹில் கிளப் 1876இலேயே தோன்றிவிட்டது. அந்தக் காலத்துத் துரைமார் ‘அதிமிருது’, ‘மிருது’, ‘மத்திமம்’ என்று உறை பார்த்தா வாங்கினார்கள்?

துரைமார் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். நெடுங்காலம் நம்மவர் அந்த மண்டபங்களுக்குள் நுழைந்தது தட்டு ஏந்தவும், புள்ளி எண்ணவும், கோல் துடைக்கவுமே. அப்படி ஒரு துரைமார் கிளப்பில் புள்ளி எண்ணி, பிறகு எங்கள் உத்தியோகத்தர் கிளப்பின் மேசையைப் பராமரிக்க வந்த ஒருவரை நாங்கள் எல்லோரும் மார்க்கர் அண்ணன் என்றே அழைப்போம். என் காளான் குடைத் தோலைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகத்தின் தடம் அப்படியே பதிந்தது.

“தம்பி, காமன் கூத்துக்குத் தப்புக்காரரு வந்தா மொதல்ல என்ன செய்வாரு?”

“நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுவாரு.”

“ஏன்? தோலு ஈரத்தைக் குடிச்சா பேசாது. இதுவும் தோலுதானே? தப்பையாச்சும் காய்ச்சலாம். இதை எங்க போயி காய்ச்சுறது?”

அவர் செய்த காரியத்தை இன்றும் நான் கண்முன்னே காண்கிறேன். ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து பத்துப் பதினைந்து நுனித்தோல்களைக் கொட்டினார். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், ஒரே தோலில் வெட்டிய சாதாரண எல்க் மாஸ்டர் தோல்கள், பெட்டிக்கு 50 என்று வருபவை. ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெந்துத் தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். சில ‘தொப்’ என்று விழுந்தன; சில ‘டிக்’ என்று துள்ளின. துள்ளியவற்றில் மூன்றைத் தனியே வைத்து, மறுபடி போட்டு, ஒன்றைத் தேர்ந்தார். ஒரே பெட்டியில், ஒரே பெயரில், ஒரே விலையில் வந்தவற்றுக்குள்ளேயே அவ்வளவு பேதம்! பிறகு பழைய தோலைப் பிளேடால் சீவியெடுத்து, உலக்கைக்குப் பூண் போட்டாற்போல் இருக்கும் அந்தப் பித்தளை வளையத்தின் முகத்தில் பழைய பசை ஒரு துளியும் இல்லாதபடி சுரண்டி, தோலின் அடிப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கி, விளக்கருகே பிடித்து இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. மறுபடி தேய்த்தார். இந்தத் தேய்ப்புக்கே கால்மணி நேரம் போயிருக்கும். பசையிட்டு, கோலைத் தலைகீழாக நிறுத்தி, “நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள், பூணுக்கு வெளியே நின்ற ஓரத்தை வெட்டி, பக்கங்களை நாவால் நனைத்துக் காகிதத்தால் சுற்றி இறுக உருட்டித் தேய்த்துக் கெட்டியாக்கி, உச்சியைச் சின்ன நாணயத்தின் விளிம்பு வளைவுக்கு ராவிக் கொடுத்தார். அடித்தேன். பந்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. தோலின் விலை, நான் முன்பு கொடுத்ததில் இருபதில் ஒரு பங்கும் இராது.

இதிலிருந்து எல்க் மாஸ்டரே உத்தமம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மூடநம்பிக்கைக்குப் பதில் இன்னொன்றை நட நான் வரவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு தோலையும் தட்டிப் பார்த்துச் சலித்தெடுத்த வேலையை ஜப்பானிய உற்பத்தியாளர் தொழிற்சாலையிலேயே செய்துவிடுகிறார்கள். கமுய், மூரி முதலிய பெயர்களில் வரும் அடுக்குத் தோல்கள், மெல்லிய பன்றித்தோல் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்யப்பட்டவை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பேதம் குறைவு, சீக்கிரம் விரிவதுமில்லை. சலிக்கத் தெரியாதவன், சலிக்க நேரமில்லாதவன், அந்தச் சௌகரியத்துக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் பணம் ஒரே சீரான தன்மைக்கே என்று தெரிந்து கொடுக்கட்டும். சுழற்சியை அந்த உறைக்குள் யாரும் மடித்து வைக்கவில்லை.

தேயிலை ஆலையோடு பழகிய நமக்கா இது தெரியாது? பீஓபி என்றும் டஸ்ட் என்றும் மூட்டையில் எழுதுவது இலைத்துணுக்கின் பருமனை. குடிக்கிறவன் நாக்கில் ருசி எப்படி இருக்கும் என்பதை அந்த எழுத்துக்கள் சொல்லுவதில்லை. வெளியூரார்தான் அதைத் தரவரிசை என்று மயங்குவார்கள். நுனித்தோல் உறையிலே காணும் மிருது, மத்திமம், கடினம் என்பனவும் அப்படியே. தோலின் இயல்பைக் குறிக்கும் சொற்களேயன்றி, ஏறுகிற படிகளல்ல. மூட்டையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த டீமேக்கரின் மகன், கியூக் கடையில் மட்டும் உறையெழுத்தைப் பார்த்துக் கைகூப்புகிறான்.

நம் நாட்டின் எம். ஜே. எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். இலங்கைக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அதற்கு முன்பே, 1958லும் 1964லும், இந்தியாவின் வில்சன் ஜோன்ஸ் அதே பட்டத்தை இருமுறை பெற்றிருந்தார். அடுக்குத் தோல் என்ற சரக்கு கடைகளில் பெருவழக்காகாத காலம் அது. ஸ்கொட்லாந்தின் ஸ்டீபன் ஹெண்ட்ரி, சிறுவனாக இருந்தபோது கிடைத்த நாற்பது பவுண் பெறுமதியான சாதாரணக் கோலைக் கொண்டே ஏழு உலகப் பட்டங்களையும் வென்றார். அந்தக் கோல் 2003இல் விமானப் பிரயாணத்தில் உடைந்தபோது அதன் மலிவும் செய்தியாயிற்று. மலிவே நல்லது என்று இதற்கு அர்த்தம் செய்யவேண்டாம். விலைக்கும் வெற்றிக்கும் இவர்கள் கையில் சம்பந்தம் ஏற்படவில்லை என்பதே விஷயம்.

பூல் ஆடுவோர்க்கு ஒரு வார்த்தை. அவர்கள் பந்து பெரிது, 57 மில்லிமீட்டர். கோலின் நுனியும் 12, 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர்க் கோலின் நுனி 9, 10 மில்லிமீட்டர்தான். ஆகையால் ஒருவர் கோலுக்கு மற்றவர் தோல் பொருந்தாது. வாங்கும்போது பூணின் விட்டத்தை அளந்து, அதைவிட ஒரு மயிரிழை பெரியதாக வாங்கி வெட்டிக்கொள்வதே முறை. பூலில் முதல் அடி, முக்கோணமாக அடுக்கிய பந்துகளை உடைக்கும் அடி, அதற்கென்று தனிக்கோல் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் போன்ற மிகக் கடின நுனியை மாட்டுகிறார்கள். பலத்தை வீணாக்காமல் பந்துக்குக் கொடுப்பதில் கடினம் ஜெயிக்கிறது என்பது உண்மை. மிருதுத் தோல் கொஞ்சம் பலத்தைத் தானே விழுங்கிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் தோலின் கடினம் கணக்கில் வருகிறது. அதுவும் மிருதுவுக்கு எதிராக!

கடைசியாக நிற்பது ‘கைக்குத் தெரிகிற உணர்வு’ என்ற ஆக்ஷேபணை. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தோல் மாறினால் சத்தம் மாறுகிறது. கோலின் வழியே கைக்கு வரும் அதிர்வு மாறுகிறது. அந்தச் சத்தத்தையும் அதிர்வையும் கொண்டே கை தன் பலத்தை அளக்கப் பழகியிருக்கிறது. மிருதங்கக்காரர் வலந்தலையின் நாதத்தைக் கேட்டுக் கேட்டு விரலின் அழுத்தத்தைத் திருத்திக்கொள்வதுபோல, ஆட்டக்காரனும் தன் தோலின் குரலைக் கேட்டே அடுத்த அடியைத் திருத்துகிறான். ஆகவே உணர்வு மெய். ஆனால் அந்த மெய், அடிக்கடி தோல் மாற்றுகிறவனுக்கு விரோதமாகவே சாட்சி சொல்லுகிறது. இந்த மாதம் மிருது, அடுத்த மாதம் அதிமிருது, தைப்பொங்கலுக்கு ஜப்பான் என்று மாற்றிக்கொண்டே இருப்பவனுடைய கை எந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும்? கரம் விளையாட்டில் நம் லயத்துப் பிள்ளைகள் ஓரம் தேய்ந்த ஒரே ஸ்ட்ரைக்கரை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு, புது ஸ்ட்ரைக்கரோடு வருகிறவனை நின்ற இடத்தில் தோற்கடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கத் திண்டாடும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. நகம் பதியாத மத்திமத் தோல் ஒன்றை எடுங்கள். கிடைக்கிற பேரில், கட்டுப்படியாகிற விலையில். வாங்குவதில் மிச்சமாகும் பணத்துக்கு நல்ல சோக்கும், ஓர் அரமும், கோலுக்கு ஈரம் புகாத உறையும் வாங்குங்கள். ஒட்டுவதை அவசரமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். பிறகு வெள்ளைப் பந்தின் மேல் விழும் சோக்குத் தழும்பை ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பாருங்கள். உங்கள் குற்றப்பத்திரிகை அங்கேதான் எழுதியிருக்கும்.

என் கோலில் இப்போது இருப்பது அப்படி ஒட்டிய தோல்தான். மூன்று ஆனி மழை கண்டாயிற்று. பூணுக்கு மேல் இன்னும் மூன்று மில்லிமீட்டர் நிற்கிறது.